ஏழு வளவுத் தேத்தண்ணி

ஹவ்வா உம்மாவின் உலகத்துக்குள் யாரோ பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரேயடியாக ஊற்றவில்லை. சொட்டுச் சொட்டாக, இரண்டு வருடங்களாக. முதலில் ஊசியின் காது காணாமல் போனது. பிறகு அரிசிக்குள் கிடக்கும் கல் போனது. அடுத்த வளவு மாமரத்தில் காய் எது, இலை எது என்பது போனது. இப்போதெல்லாம் காலையில் கண்ணைத் திறந்தால், பெரிய வெள்ளைக் கோப்பையொன்றின் அடியில் படுத்திருப்பது போலவே இருக்கும். யன்னல் ஒரு வெளிச்சம். மகள் நிஸ்றா ஒரு நிறம். நிறத்தையும் காலடியையும் வைத்துத்தான் ஆளைப் பிடிப்பாள்.

அதைக்கூட அவள் பெரிய குறையாக நினைக்கவில்லை. பால் ஊற்றிய உலகம் ஒரு விதத்தில் அழகாகத்தான் இருந்தது. மின்குமிழைச் சுற்றி வானவில் வளையம் போட்டுக்கொள்ளும். வேலியில் காயும் துணிகள் பறவைகளாகும். ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு கனவு இலவசமாகக் கிடைத்தால் யாருக்கு வலிக்கும் என்று இருந்தாள்.

ஹனா பிறந்த பிறகுதான் வலித்தது.

ஹனா நிஸ்றாவின் முதல் பிள்ளை. நாலு மாதம். மருமகன் றிப்ஷான் கட்டாரில் வேலையில் இருந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஹவ்வா உம்மா எவ்வளவு குனிந்து பார்த்தாலும் மா பூசிய ஒரு வட்டமும் அதில் ஈரமாக இரண்டு கறுப்பும்தான். பார்க்க வருகிறவர்கள் மூக்கு வாப்பாவுடையது என்றார்கள், நாடி உன்னுடையது என்றார்கள், சிரிப்பு யாருடையதோ என்றார்கள். கேட்டதையெல்லாம் சேர்த்து அவள் உள்ளுக்குள் ஒரு முகம் செய்துவைத்திருந்தாள். தாலாட்டும்போது அந்த முகத்தைத்தான் தாலாட்டினாள்.

கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, வெண்புரை முற்றிவிட்டது என்றார். வெட்டி வில்லை வைத்தால் பழையபடி தெரியும். ஆனால் இரத்தச் சீனி இருநூற்று முப்பத்திரண்டு.

“இந்தச் சீனியோட கண்ணில கை வைக்க ஏலாது உம்மா. புண் ஆறாது. இருக்கிற பார்வையும் போயிரும். ரெண்டு மாசம் தாறன். வெறும் வயித்தில நூற்று நாப்பதுக்குக் கீழ கொண்டு வாங்க. இல்லாட்டி உங்கட ஒப்பரேசன் திகதிய வேற ஆளுக்குக் குடுத்திருவம். பிறகு அடுத்த வருசம்தான்.”

அடுத்த வருடம் ஹனா நடப்பாள். அடுத்த வருடம் நாலு மாதத்து முகம் எங்கே இருக்கும்?

மருந்துக் குளிசை ஒரு பக்கம். தினமும் அரை மணித்தியாலம் நடை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, சோறு அரைவாசி. கிளினிக்கில் இருந்த தாதி இன்னுமொன்று சொல்லி அனுப்பினாள். புதுப்பழக்கத்தைத் தனியாக விட்டால் ஓடிவிடுமாம். பழைய பழக்கமொன்றின் வாலில் கட்டிவிட வேண்டுமாம். நிஸ்றா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“சுபஹ் தொழுதிட்டுப் பாயச் சுருட்டுவீங்கதானே உம்மா? சுருட்டின கையோட செருப்பப் போடுங்க. நடுவில ஒண்டும் யோசிக்கக் கூடா.”

“றோட்டாலயா? எனக்கு வெக்கமா இருக்கு.”

“ஊரே நடக்குதும்மா. ஆத்தங்கரையில விடிஞ்சா பொம்பிளையள்தான்.”

“நான் றோட்டில நடந்து யார்ர சைக்கிளிலயாவது போய் முட்டுறதா? கடப்பால போறன்.”

காத்தான்குடியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் தன் வீடு நிற்கும் வளவைத் துண்டாக்கி மகள்மாருக்குக் கொடுப்பாள். அவர்கள் தங்கள் மகள்மாருக்கு. அதனால் ராத்தாவும் தங்கச்சியும் சாச்சியின் மகளும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் குடியிருப்பார்கள். வளவுக்கும் வளவுக்கும் நடுவில் ஆள் போகிற அளவுக்கு ஒரு சின்ன வாசல் விட்டிருப்பார்கள். அதுதான் கடப்பு. தெருவில் கால் வைக்காமல் ஹவ்வா உம்மா வீட்டிலிருந்து ஏழு வளவுகளைக் கடந்தால், ஊர் ஆறு என்று சொல்லும் வாவியின் கரை வந்துவிடும். ஏழாவது வளவு அவளுடைய சொந்த ராத்தா றஹ்மத்தும்மாவுடையது. அங்கிருந்து கரையோரமாகத் தோணித்துறை வரை போய்த் திரும்பினால் அரை மணித்தியாலம் சரி. கண் இல்லாவிட்டாலும் கால் அறிந்த வழி.

முதல் நாள் அவள் போனபோது இருட்டு இன்னும் முழுதாகக் கரையவில்லை. முதல் வளவில் ஈரச் சாம்பல் மணம். இரண்டாவதில் கோழிகளின் முணுமுணுப்பு. மூன்றாவதில் முருங்கைப் பூக்கள் தலையில் உதிர்ந்தன. மழை என்று நினைத்து முக்காட்டை இழுத்துக்கொண்டாள். கடைசிக் கடப்பைத் தாண்டியதும் உலகம் முடிந்துவிட்டது. வானமும் வாவியும் ஒரே வெள்ளை. கரை எங்கே முடிகிறது என்று செருப்பின் ஈரம்தான் சொன்னது. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு தோணி துடுப்பு வலிக்கும் சத்தம், மேகத்துக்குள் இருந்து வருவதுபோல. அவள் நின்று கேட்டாள். மௌத்தாகிக் கண் மூடிய பிறகு இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. பயமாக இல்லை.

திரும்பி வரும் வழியில் ராத்தா கடப்படியில் நின்றாள். தங்கச்சியோடு கதைத்தால் சொல்லுக்குச் சொல் ‘கா’ போடுவாள்.

“என்னகா, விடியக்காலையில கள்ளன் மாதிரி என்ட வளவால போறாய்?”

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் ராத்தா.”

“நட, நட. நல்லதுதானே. வந்ததுக்கு ஒரு வாய் பிளேன்டி குடிச்சிட்டுப் போ.”

வந்த வீட்டில் கொடுத்த தேத்தண்ணியைத் தள்ளுவது ஹவ்வா உம்மாவின் நாக்குக்குப் பழக்கமில்லை. அதுவும் ராத்தாவின் தேத்தண்ணியை. ஒரு வாய்தானே என்று குடித்தாள். ராத்தா சீனிக்குப் பதிலாக ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் வைத்தாள்.

“சீனி கூடாதுதானே உனக்கு? அதான் பனங்கட்டி. இது மருந்துகா, கடி.”

இரண்டாம் நாள் ஆறாவது வளவிலும் கேத்தல் கொதித்தது. ராத்தாவிடம் குடித்தவள் எங்களிடம் குடிக்காமல் போவதா? மூன்றாம் நாள் நாலாவது வளவு. ஒரு வாரம் ஆனபோது தாதி சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹவ்வா உம்மாவுக்கு மட்டுமல்ல, ஏழு குசினிகளுக்கும். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதும் கோப்பை கழுவும் சத்தம் கேட்கும். சாச்சியின் மகள் சுபைதா முந்தின நாள் கிண்டிய இனிப்புத் தொதலில் ஒரு கட்டி எடுத்துவைத்திருப்பாள். அடுத்த வளவுக்காரி, “பழம்தானே, பழத்தில என்ன இருக்கு மச்சி” என்று வாழைப்பழத்தை உரித்தே நீட்டுவாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நடக்கிற பிள்ளை களைத்துப்போகுமே என்ற பாசம்.

ஹவ்வா உம்மாவுக்கும் அந்தக் காலைகள் பிடித்திருந்தன. ஆவிக்குள் மிதக்கும் முகங்கள், கையில் சூடு, வாயில் இனிப்பு. வீட்டில் அவள் சீனியைத் தொடுவதே இல்லை. சோற்றை அளந்துதான் தின்றாள். இரவில் காலை நீவிக்கொண்டு, இண்டைக்கும் நடந்தாயிற்று என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

ஒரு மாதம் முடிந்ததும் நிஸ்றா அவளைப் பார்மசிக்குக் கூட்டிப்போய் விரலில் குத்தினாள். கருவி காட்டிய எண்ணை நிஸ்றா வாசிக்கவில்லை.

“சொல்லன் புள்ள. குறைஞ்சிட்டா?”

“இருநூற்று அம்பத்தெட்டு.”

வீட்டுக்குள் வந்ததும் நிஸ்றா பொலிஸ் விசாரணையைத் தொடங்கினாள்.

“உண்மையச் சொல்லுங்க. எங்கயாவது குடிக்கிறீங்களா?”

“ஒரு வாய்தான் மகள்.”

“எத்தின வீட்டில ஒரு வாய்?”

ஹவ்வா உம்மா விரல் மடக்கினாள். ஏழு என்று வந்தது. திரும்பி வரும்போது சுபைதா வீட்டில் இரண்டாம் தரம் என்று சேர்த்தால் எட்டு.

“அல்லாவே! நீங்க நடக்கப் போறீங்களா, கந்தூரிச் சாப்பாட்டுக்குப் போறீங்களா?” நிஸ்றாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. “இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு உம்மா. நீங்க ஹனாவப் பாக்க வேணாமா?”

“வேணாமெண்டு எப்பிடிச் சொல்றது புள்ள? குடுக்கிற கையத் தள்ளினா கோவமெண்டு நினைப்பாங்க. ராத்தா நினைச்சா சாகுமட்டும் மறக்க மாட்டா.”

அன்று முழுவதும் அவள் யோசித்தாள். ஒருத்தியும் கோபிக்காமல் தேத்தண்ணியை மறுக்க உலகத்தில் ஒரேயொரு சொல்தான் இருந்தது. அடுத்த நாள் திங்கட்கிழமை. முதல் வளவிலேயே அதைச் சொல்லிப் பார்த்தாள்.

“நான் இண்டைக்கு நோன்பு.”

கேத்தல் உடனே கீழே இறங்கியது. திங்கள் நோன்பா, நல்லது, துஆ செய் என்றார்கள். சுபைதா தொதலை மூடிவைத்தாள். ஏழு வளவுகளும் ஒரு சொல்லுக்கு வழிவிட்டன. ராத்தா மட்டும் கிட்ட வந்தாள். பிறகு அவளுடைய தலையில் கை வைத்தாள்.

“கண்ணுக்காகப் பிடிக்கிறாயாகா?”

“ஓம் ராத்தா.”

பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னபடி குரக்கன் பிட்டு தின்றாள். குளிசை போட்டாள்.

அந்தி மஃரிபுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது பின்கடப்பு திறந்தது. ராத்தாவின் செருப்பு. கூடவே தாம்பாளத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல இடிக்கும் சத்தம். ரோஸ் சர்பத்தின் மணம் முன்னால் வந்தது. அதன் பின்னால் கஞ்சியின் இஞ்சி மணம்.

“பாய விரி நிஸ்றா. ரெண்டு பேரும் சேந்து நோன்பு துறப்பம்.”

ஹவ்வா உம்மா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேரா?”

“தங்கச்சி கண்ணுக்காகப் பிடிக்கக்குள்ள நான் சும்மா இருக்கிறதா? நான் காலையில ஒண்டும் வாயில வைக்கல்லதானே, உன்னோட குடிப்பமெண்டு பாத்துக்கிட்டிருந்தன். நீ சொல்லிட்டுப் போன கையோட நிய்யத்து வச்சிட்டன்.” அவளுடைய குரல் வறண்டிருந்தது. “வெயில் இண்டைக்குச் சரியான வெயில்கா.”

நிஸ்றா உம்மாவைப் பார்த்தாள். உம்மாவுக்கு அந்தப் பார்வை தெரியாது, ஆனால் பட்டது. பள்ளிவாசலில் மைக் கரகரத்தது. ராத்தா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

“ராத்தா, நான் நோன்பு பிடிக்கல்ல.”

“என்ன?”

“பொய் சொன்னன். தேத்தண்ணி வேணாமெண்டு சொல்ல வாய் வரல்ல. சீனி ஏறிட்டு ராத்தா. ஒப்பரேசன் நடக்காது எண்டு பயம்.”

பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. ராத்தா பழத்தை வாயில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தாம்பாளத்தில் திரும்ப அடுக்கினாள்.

“என்ட தேத்தண்ணி உனக்கு நஞ்செண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாம். அல்லாட பேர இழுத்திருக்கத் தேவையில்ல.”

அடுத்த நாள் காலையில் ஹவ்வா உம்மா ஆறு வளவுகளைத் தாண்டிப் போனாள். ஒவ்வொரு வளவிலும் நின்று, நேற்றைய பொய்யைச் சொன்னாள்; இனித் தேத்தண்ணி வேண்டாம் என்றும் சொன்னாள். வாய் வந்துவிட்டது. சுபைதா, “அப்ப நாங்கதானா உன்ட கண்ணக் கெடுத்தம்?” என்று அழத் தொடங்கினாள். ஏழாவது கடப்பில் கை வைத்தபோது தகரக் கதவு அசையவில்லை. உள்ளே கொண்டி போட்டிருந்தது. இந்த வளவில் அவள் பிறந்த நாளிலிருந்து கொண்டி போட்டதில்லை. தகரத்துக்கு அப்பால் வாவி மெல்லக் கரையை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. முன்வாசலைத் திறந்தாள். தெரு.

முதல் இருபது அடி சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. ஒவ்வொன்றும் பெரிய சாமந்திப் பூவாக விரிந்து நின்றது. ஒரு சைக்கிள் மணி அடித்து விலகியது. பள்ளிவாசலிலிருந்து திரும்பிய யாரோ சலாம் சொன்னார். அவளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஒழுங்கைத் தெருவின் முடிவில் காற்று உப்பாக மாறியது. நாலைந்து பெண்கள் கதைத்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்கள். “மெதுவா வாங்க மாமி, கரையில கல் கிடக்கு” என்றாள் ஒருத்தி. பெயர் தெரியாது. வெள்ளைக்குள் அவளுடைய குரல் மட்டும் ஒரு விளக்குப்போலத் தூரமாகிக்கொண்டே போனது.

கரையோரமாக வந்தால் ராத்தாவின் வேலியைத் தாண்டித்தான் தோணித்துறைக்குப் போக வேண்டும். வேலியருகில் வந்ததும் அவளுடைய கால் தானாக நின்றது.

“அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா.”

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. கோபத்துக்கு அதில் இடமில்லை. குசினிக்குள் இருந்து, நெடுநேரம் கழித்து, கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் ஒரு பதில் வந்தது.

“வஅலைக்கும் ஸலாம்.”

அவ்வளவுதான். அடுத்த நாளும் அவ்வளவுதான்.

பாயைச் சுருட்டினாள், செருப்பைப் போட்டாள், நடந்தாள், சலாம் சொன்னாள். மழை பெய்த இரண்டு நாட்கள் குடையோடு போனாள். ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. பாயைச் சுருட்டிய கை செருப்பைத் தேடியபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. சீனியில்லாத தேத்தண்ணி முதல் வாரம் வேப்பிலைத் தண்ணியாக இருந்தது. இரண்டாம் வாரம் வெறும் சுடுதண்ணியானது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் அதற்குள் தேயிலையின் மணம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். இத்தனை வருடம் குடித்தும் தேயிலைக்கு மணம் உண்டென்று தெரியாமல் போனதே என்று கோப்பைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு இருந்தாள். சோற்றைக் குறைத்ததால் பசிக்கும். கீரைச் சுண்டல் தின்பாள். வாவிக்கரையில் கால் போகும்போது தான் நடக்கவில்லை, கரை தன்னைத் தாண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சில நாள் தோன்றும்.

ராத்தாவின் பதில் குசினியிலிருந்து கிணற்றடிக்கு வந்தது. கிணற்றடியிலிருந்து வேலிக்கு வந்தது. ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“வஅலைக்கும் ஸலாம். எவ்வளவு தூரம்கா போறாய்?”

“தோணித்துறை மட்டும்.”

“கண் தெரியாதவள் தனியப் போய் ஆத்துக்க விழுந்தா ஊர் என்னைத்தான் சொல்லும். நில்லு, செருப்பப் போட்டுக்கிட்டு வாறன்.”

பாதி வழியில் ராத்தாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு தோணியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“உன்ட பொய்ய நான் மன்னிக்கல்ல, கேளு.”

“ஓம் ராத்தா.”

“நான் மறுத்தா நீ கோவிப்பாயெண்டு எனக்கும் பயம்தான். உன்ட வட்டிலப்பம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முப்பது வருசமாத் தின்னுறன்.”

ஹவ்வா உம்மா சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்தன. அவளுக்கு அவை காற்றில் எறிந்த சுண்ணாம்பாகத் தெரிந்தன.

இரண்டாம் மாதத்தின் கடைசியில் எண் நூற்று முப்பத்தாறு. டாக்டர் திகதியை எழுதிக் கொடுத்தார்.

ஒப்பரேசன் நடந்த மறுநாள் கிளினிக்கில் இடது கண்ணின் மூடியைக் கழற்றினார்கள். முதலில் கண்ணீர், பிறகு தாதியின் சட்டைப் பொத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பொத்தான்கள். ஒன்றில் நூல் பிரிந்திருந்தது. சுவரில் பல்லியொன்று. இவ்வளவு கூர்மையாகவா உலகம் இருந்தது! கண் கூசியது. நிஸ்றா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள்; மகளின் நெற்றியில் அவளுக்குத் தெரியாத ஒரு கோடு விழுந்திருந்தது.

வீட்டில் ஹனாவை ராத்தா வைத்திருந்தாள். ஹவ்வா உம்மா கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தாள்.

அது அவள் செய்துவைத்த முகம் இல்லை. இது ஒடுக்கமாக இருந்தது. வலது புருவம் இடதைவிடச் சற்று மேலே ஏறி, எதையோ கேட்பதுபோல் நின்றது. மேலுதட்டில் பால் குடித்துக் குடித்து வந்த சின்னக் கொப்புளம். ஒருத்தர்கூட இவற்றைச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாலு மாதமும் அதற்கு மேலும் தாலாட்டிய அந்த மற்ற முகம் மெல்லக் கலைந்து, பாலோடு பாலாகப் போய்விட்டது. அதற்காக ஒரு நொடி அவளுக்குத் துக்கமாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது; புருவம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

“எப்பிடிகா?” என்றாள் ராத்தா.

“பொறுங்க ராத்தா. பாத்து முடியல்ல.”

ஒரு வாரத்துக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, வெளியே தூசிக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த நாள் சுபஹுக்குத் தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து, கதிரையில் உட்கார்ந்தபடி தொழுதாள். பாயைச் சுருட்டும் வேலையே இல்லை. ஆனாலும் தொழுது முடித்த உடனே பாதங்கள் குறுகுறுத்தன. எழும்பி மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

பின்கடப்பால் ராத்தா வந்தாள். அழத் தொடங்கியிருந்த ஹனாவைத் தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தங்கச்சியின் பக்கத்தில் அவளும் நடந்தாள். ராத்தாவின் தோளுக்கு மேலே பிள்ளையின் முகம் திரும்பியிருந்தது. ஹவ்வா உம்மா ஒரு அடி பின்தங்கி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். யன்னலில் விடியத் தொடங்கியது. ஹனாவின் இமைகள் தாழ்ந்தன. ஏறியிருந்த புருவம் மட்டும் தூங்கவில்லை.

“தூங்கிட்டாகா. படுக்கப் போடுவமா?” ராத்தா நிற்கப் பார்த்தாள்.

ஹவ்வா உம்மா சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன முள், பெரிய முள், ஓடுகிற முள், மூன்றும் தெரிந்தன.

“அரை மணித்தியாலத்துக்கு இன்னும் எட்டு நிமிசம் இருக்கு,” என்றாள். “நிக்காதீங்க ராத்தா, நடங்க.”